வன்னிக்கு வேண்டும் ஓர் ஆராய்ச்சி மாணவர்

புளியங்குளத்து வயலோரக் குடிலொன்றில் ஒருவர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டால் ஊர் என்ன செய்கிறது? மூன்று நாள் அழுகிறது. பின்னர் 'விதி' என்கிறது. மரண விசாரணை ஏட்டில் 'குடும்பத் தகராறு' என்று ஒரு வரி ஏறுகிறது; கோவை மூடப்படுகிறது. சட்டம் பயின்ற எமக்கு அவ்வரி என்றுமே நிறைவு தந்ததில்லை. தகராறில்லாத குடும்பம் இந்நாட்டில் ஏது?

அக்கோவையைத் திறந்து பார்த்தோருள் ஒரு மாணவரும் இருந்தார். 1990களின் நடுப்பகுதியில் பிரித்தானிய மருத்துவ மாணவர் மைக்கல் எடில்ஸ்டன் அநுராதபுர வைத்தியசாலைக்கு வந்தார். வவுனியாவைத் தெற்கே கடந்தால் அம்மாவட்டந்தான். அதே வரண்ட மண், அதே நெல், அதே கிருமிநாசினி. 1995 இல் இலங்கையில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. அம்மாணவரைத் தனியே தவிக்க விடாது மூத்தோர் உடன் நின்றனர். கொழும்புப் பேராசிரியர் றிஸ்வி ஷெரிப், ஒக்ஸ்போர்ட் அறிஞர் கீத் ஹோட்டன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1998 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது.

தொடர்ந்து பலர் செய்த ஆய்வுகள் உணர்த்தியது யாது? நஞ்சருந்தியோரிற் பலர் நெடுநாள் திட்டமிட்டோரல்லர். ஒரு கணக் கோபமும் துயரும் அவர்களை உந்தின. அக்கணத்திற் கையருகே இருந்த பொருளின் கொடுமையே வாழ்வா சாவா என்பதைத் தீர்த்தது.

அவ்வாறாயின் மருந்தைப் பூட்டி வைத்தாற் போதாதா? அதையும் சோதித்தனர். அநுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில், 50,000க்கு மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு ஆராய்ந்தனர். பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டிகள் வழங்கப்பட்டன. பயன் காணப்படவில்லை என 2017 இல் முடிவு வெளியாயிற்று. மாறாக, மிகக் கொடிய மருந்துகளை 1995 இலும் 2008 முதல் 2011 வரையிலும் சந்தையினின்றே அகற்றியபோது சாவு குறைந்தது. இருபதாண்டுகளில் விகிதம் ஏறத்தாழ மூன்றிலொன்றாயிற்று. விளைச்சல் வீழுமே என்று கமக்காரர் அஞ்சுவது இயல்பு. இத்தடைகளால் நெல் விளைச்சல் வீழவில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டின. (2021 இல் இரசாயன உரம் முழுவதையும் திடுமெனத் தடுத்த மூடத்தனத்தை இதனோடு குழப்ப வேண்டாம்.)

சட்டமும் ஒரு காலத்தில் இவ்வாராய்ச்சிக்குப் பகையாயிருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைக் கோவையின் 302ஆம் பிரிவு 1998 இல் நீக்கப்பட்டது. ஆயினும் பொலிசுக்கு அஞ்சி வைத்தியரிடம் பொய்யுரைக்கும் பெற்றோர் இன்னும் உளர். பொய்யேட்டை வைத்து எந்த மாணவர் எதைக் கண்டறிவார்? 'இது குற்றமன்று' என்று கிராமந்தோறும் சென்று கூறுவது எம் போன்ற சட்டத்தரணிகளின் கடன். நாம் அதைச் செய்தோமில்லை.

2009 இன் பேரழிவைச் சுமந்த மண் இது. நுண்கடன் பெண்களை வாட்டியதால் 2018 இல் அரசே வரட்சி மாவட்டங்களிற் கடன் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. இம்மண்ணின் துயரை ஆராய வெளிநாட்டு மாணவரையா எதிர்பார்ப்பது? வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. போர் வடுவுற்ற மனங்களை ஆராய்ந்த தயா சோமசுந்தரம் பணியாற்றிய மருத்துவ பீடம் யாழ்ப்பாணத்தில் உளது. இவ்விரண்டும் இணைந்து வன்னி மாணவர் ஒருவரையேனும் தேர்ந்து, உளமருத்துவர் ஒருவரை வழிகாட்டியாக்க வேண்டும். பெயர்களை மறைத்து மரண விசாரணை ஏடுகளைப் பார்க்க அவருக்கு அனுமதி வேண்டும். நாள்தோறும் சாவுக் கதை கேட்கும் அம்மாணவரின் மனத்தையும் வழிகாட்டி கவனித்தல் வேண்டும். கமக்காரர் சங்கங்கள் அவருக்குத் தம் வாசலைத் திறக்கட்டும்.

அதுவரை, நெஞ்சு கனத்திருப்போர் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.