சீட்டு ஊழறியுமோ?

வாழப்பாடி முதலிய ஊர்களிற் கிளியைச் சீட்டெடுப்பித்துக் குறிசொல்வாரை யாவரும் அறிவர். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அக்கிளியை அடைத்துவைத்தல் குற்றம். நகரங்களிலோ கிளியின்றியே 78 சீட்டுடைய டாரோட்டும் 36 சீட்டுடைய லெனார்மாண்டும் புகுந்துள்ளன. முன்னது 15-ஆம் நூற்றாண்டின் இத்தாலியச் சீட்டாட்டம். பின்னதும் ஆட்டச் சீட்டே. 1843-இல் இறந்த பிரெஞ்சுக் குறிகாரியின் பெயர் அவர் மறைந்தபின் ஒட்டப்பெற்றது. ஆட்டக் காகிதம் ஊழறியுமோ?

‘நீவிர் திருமுறையிற் கயிறு சாத்துகின்றிலிரோ?’ என்பர். சாத்துகின்றோம். மகப்பேறின்றி வருந்திய அச்சுதகளப்பாளர்க்குச் சகலாகம பண்டிதர் அங்ஙனம் சாத்தியபோது ஞானசம்பந்தரின் திருவெண்காட்டுத் திருப்பாட்டு வந்ததென்பது மரபு. அது முக்குளநீராடி வழிபடச் செய்தது, மெய்கண்டார் தோன்றினார். சீட்டோ, வருவது இதுவெனக் கூறிக் கூலிகொண்டு ஒழியும், வழிபடுக என்னாது. வினை சடம், அதனை ஊட்டுவான் இறைவன். சடத்தைச் சடத்தால் அளப்பார்க்குக் காசு கொடுப்பதேன்? கோள்நிலை தீதென அப்பர் தடுத்தபோதும், பதிகம் பாடி, மறைக்காட்டினின்று மதுரைக்குப் புறப்பட்டார் சம்பந்தர்.