மேசன் கையும் சீமெந்தும்

வீடு கட்டத் தொடங்கும் குடும்பத்தினர் வைத்திருக்கும் கணக்குக் கொப்பியைப் புரட்டினால் அதில் எல்லாம் இருக்கும். கல் எத்தனை, மணல் எத்தனை கியூப், சீமெந்து எத்தனை பை, மேசனுக்கு நாட்கூலி என்ன, கூலியாளுக்கு என்ன, பத்து மணித் தேநீருக்கு வாங்கிய சீனி எவ்வளவு என்று ஒன்றும் விடாமல் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சீமெந்தைக் குழைக்கும் கைகளுக்கென்று ஒரு சதமேனும் எழுதப்பட்டிருப்பதை நாம் கண்டதில்லை. இதனைக் கருமித்தனம் என்று சொல்லமாட்டோம். சீமெந்து கையைக் கெடுக்கும் என்ற எண்ணமே வீட்டுக்காரருக்கும் தோன்றுவதில்லை. பல வேளைகளில் மேசனுக்கும் தோன்றுவதில்லை.

சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் ஏறக்குறைய 1,450 பாகை செல்சியசு வெப்பத்திற் சூளையிட்டு, பின்னர் சிறிது சிப்சம் சேர்த்து அரைத்தெடுத்த தூளே சீமெந்து. அதில் நீர் சேர்ந்தவுடன் உண்டாகும் பொருள்களுள் ஒன்று கல்சியம் ஐதரொட்சைட்டு. பெயர் புதிதாக ஒலித்தாலும் பொருள் நமக்கு மிகப் பழையது. வெற்றிலைத் தட்டத்தில் இருக்கும் நீறிய சுண்ணாம்பே அது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சற்றுக் கூடினால் வாய் வெந்துபோவதை அறியாத பாட்டிமார் இலர். நகநுனியளவு சுண்ணாம்புக்கே வாய் அந்தப் பாடு படுமானால், காலை தொடங்கி மாலை வரை சாந்தில் ஊறும் கை எப்படி இருக்கும்?

பாடசாலையில் இரசாயனம் பயிலும் மாணவர்கள் இதனைக் கணக்காகவே செய்து பார்க்கலாம். நமது தோலின் மேற்பரப்பு சற்று அமிலத் தன்மை உடையது, அதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5 ஆகும். நனைந்த சீமெந்தின் பெறுமானமோ 12 தொடக்கம் 13 வரை செல்லும். இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் பத்து மடங்கு வேறுபாடு என்பதை அவர்கள் படித்திருப்பர். ஏழு படிகளுக்கு எத்தனை மடங்கு? ஒரு கோடி மடங்கு. மேசன் ஒருவர் தாச்சியிலிருந்து சாந்தை வெறுங்கையால் அள்ளும்போது நடைபெறுவது இந்த ஒரு கோடியின் மோதல்.

காரம் தோலில் வேலை செய்யும் விதம் வஞ்சகமானது. நெருப்புப் பட்டால் உடனே கையை இழுத்துக்கொள்கிறோம். சீமெந்து அவ்வாறு எச்சரிப்பதில்லை. அது தோலில் உள்ள இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கரைத்து, மெல்ல உள்ளே இறங்கும். முழங்காலில் நின்று நிலத்துக்குச் சீமெந்து இழுப்பவர், காற்சட்டை நனைந்திருப்பதைப் பொருட்படுத்தாமல் பிற்பகல் முழுவதும் வேலை செய்வார். நோவு தெரிவது சில மணி நேரம் கழித்தே. சிலருக்கு இரவிலேதான் தெரியும். அப்பொழுது பார்த்தால் தோல் வெந்து, சில வேளைகளிற் கறுத்தும் இருக்கும். இத்தகைய வேக்காடு ஆழமாகிவிட்டால் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டிய நிலையும் வருவதுண்டு.

கை காய்த்துவிட்டால் சீமெந்து ஒன்றும் செய்யாது என்று மேசன்மார் சொல்வதுண்டு. காய்த்த கை தொழிலாளியின் பெருமை என்பதை நாமும் ஒப்புக்கொள்வோம். மண்வெட்டிப் பிடிக்கும் கயிற்றுக்கும் அந்தக் காய்ப்புக் காவலாகலாம். சீமெந்துக்கு அது காவலன்று. காரம் காய்ப்பையும் இளக்கிவிடும். மணலோ அரத்தைப்போல அதனை உராயும். தடித்த தோல் வரண்டு வெடித்தால் அந்த வெடிப்பே சீமெந்து உட்புகும் வாசலாகிறது.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. அதனைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு நெடுங்காலம் சென்றது. தொழில்களால் வரும் நோய்களைப்பற்றி 1700 ஆம் ஆண்டில் தனி நூலே எழுதிய இத்தாலிய வைத்தியர் இரமசீனி, சுண்ணாம்பு வேலை செய்வோரைப்பற்றியும் அதில் எழுதியிருந்தார். 1824 ஆம் ஆண்டில் யோசப் அசிப்டின் என்ற ஆங்கிலேயக் கொத்தர் போட்லன்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். 1908 ஆம் ஆண்டில், பாரிசு நகரின் சுரங்க இரயிற் பாதையில் வேலைசெய்த கூலியாட்களின் கைகளிற் கண்ட படையை மார்சியல் என்ற வைத்தியர் விவரித்தார். பிரெஞ்சு மொழியில் அதற்கு வழங்கிய பெயர் சீமெந்துச் சொறி. சுண்ணாம்பின் உறைப்பே இதற்கெல்லாம் காரணம் என்று பலர் கருதியிருக்க, 1950 ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த யேகர், பெலோனி என்ற இருவர், இந்நோயாளருட் பெரும்பாலோரின் தோல் குரோமிய உப்பைக் கண்டு பொங்குவதை எடுத்துக்காட்டினர். சீமெந்தில் மிகச் சிறிய அளவிற் கலந்திருக்கும் அறுவலுக் குரோமியமே அந்த மறைவான எதிரி.

அதே 1950 ஆம் ஆண்டில் நமது காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் சீமெந்தாகி நாடெங்கும் சென்றது. 1990 ஆம் ஆண்டிற் போர் காரணமாக ஆலை நின்றுபோயிற்று. ஆனால் அது பழக்கிவிட்ட சீமெந்து நமது வீடுகளில் நிலைத்துவிட்டது.

குரோமியத்தால் வரும் ஒவ்வாமையின் கொடுமை யாதெனில், அது ஆரம்பத்திலேயே வரவேண்டும் என்பதில்லை. சில மாதங்களிலும் வரலாம். இருபது ஆண்டுகள் ஒரு குறையுமின்றித் தொழில் செய்தவருக்கும் வரலாம். “இத்தனை காலம் செய்யாத சீமெந்தா இப்போது செய்யப்போகிறது?” என்று அவர் கேட்பார், கேள்வி நியாயமானதே, ஆயினும் விடை அவருக்கு எதிரானது. ஒருமுறை உடல் அதனை எதிரியாகக் கண்டுகொண்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. பிறகு சிறிதளவு சீமெந்து பட்டாலும் கை சிவந்து, கொப்புளித்து, நீர் வடியும். குரோமியத்தாற் பதனிட்ட தோற் செருப்பும் தோற் கையுறையுங்கூட அவருக்கு ஆகாமற் போகலாம். பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கும் நாற்பத்தைந்து வயது மனிதர் ஒருவர், தாம் அறிந்த ஒரே தொழிலைக் கைவிடவேண்டிய நிலை இது.

இதற்கு மாற்று உண்டு என்பதை டென்மார்க்கு நாடு காட்டியிருக்கிறது. சீமெந்திற் பெரசு சல்பேற்றைக் கலந்தால் அறுவலுக் குரோமியம் தோலினுட் புகவியலாத வேறொரு வடிவமாக மாறிவிடும். நமது நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று விற்கப்படுவது இதுவே. 1983 ஆம் ஆண்டில் டென்மார்க்கு இதற்கெனச் சட்டம் செய்தது. 2005 ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் பத்து இலட்சம் பங்குக்கு இரண்டு பங்குக்கு மேல் அந்தக் குரோமியம் இருத்தலாகாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அங்கே இவ்வொவ்வாமை குறைந்தது. ஆயினும் பை நெடுநாட் கிடந்தாலும் ஈரம் பிடித்தாலும் அன்னபேதியின் பலன் குன்றிவிடும். அன்றியும் அது சுண்ணாம்பின் காரத்தைத் தணிப்பதில்லை. ஆகவே எந்தச் சீமெந்தானாலும் கைக்குக் காவல் வேண்டும்.

கையுறை என்றவுடன், அது கையை வேகவைக்கும், சாந்தகப்பை பிடிபடாது என்பர். நமது வெயிலில் இது வெறும் சாக்கன்று. வேலைக்கேற்ற கையுறையைத் தேர்ந்தால் இடைஞ்சல் பாதியாகும். சாந்து குழைப்பவருக்கும் கல் அரிபவருக்கும் மணிக்கட்டைத் தாண்டி நீண்ட, தடித்த நைத்திரைல் அல்லது பீ.வீ.சீ. கையுறை வேண்டும். பூச்சு வேலை செய்பவருக்கு மெல்லியது போதும். ஆனால் வைத்தியசாலைகளில் அணியும் வகை மணலுக்கு விரைவிற் கிழியும். துணிக் கையுறையும் தோற் கையுறையும் சீமெந்துத் தண்ணீரை உறிஞ்சித் தோலோடு அணைத்து வைத்திருக்கும். அவற்றிலும் வெறுங்கை மேல் என்றே சொல்லலாம். எந்தக் கையுறையானாலும் உள்ளே சாந்து புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கையையும் கையுறையையும் கழுவவேண்டும். இரண்டு சோடி இருந்தால் ஒன்று காயும்போது மற்றதை அணியலாம். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் காலையிலேயே கழற்றி வைப்பது நன்று. அவற்றின் கீழேதான் சீமெந்து ஒளிந்திருக்கும். இறப்பர் விளைவித்து, கையுறை செய்து, பிறநாடுகளுக்கு அனுப்பும் நாடு நமது நாடு. நமது மேசன்மாரின் கைகள் மட்டும் வெறுமையாக இருப்பது விந்தைதான்.

கையுறையினும் மலிவான, அதனினும் அவசியமான பொருள் ஒன்று உண்டு: தனியாக வைத்த ஒரு வாளி நல்ல தண்ணீர். கட்டட வேலை நடக்கும் வளவுகளிற் பெரும்பாலும் ஒரே ஒரு பீப்பாய் அல்லது தொட்டிதான் இருக்கும். சாந்தகப்பையைக் கழுவுவதும் அதில். தாச்சியைக் கழுவுவதும் அதில். பிறகு தேநீருக்கு முன் கையைக் கழுவுவதும் அதில். காலை பத்து மணிக்கே அத்தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீராகிவிடும். அதிற் கழுவிய கை சுத்தமானது போலத் தோன்றும். உண்மையில் மற்றொரு முறை சீமெந்தில் தோய்ந்ததே. கை கழுவும் வாளியில் எந்தக் கருவியையும் போடக்கூடாது என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிடவேண்டும். பக்கத்தில் ஒரு செப்பும், காரம் குறைந்த சவர்க்காரக் கட்டியும், துடைக்க ஒரு துணியும் வைத்தால் அதற்காகும் செலவு மிகச் சொற்பமே. மாலையிற் கையில் ஒட்டியதை அகற்ற மண்ணெண்ணெய் பூசும் வழக்கத்தை அடியோடு விடல் வேண்டும். சீமெந்து எடுத்தது போக எஞ்சிய எண்ணெய்ப் பசையையும் அது எடுத்துவிடும்.

வேலைக்கு முன் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டாற் போதும் என்று நம்புவோர் உளர். அது காவலாகாது, அதற்கெனக் கடைகளில் விற்கும் களிம்புகளையும் நம்பியிருத்தல் கூடாது. ஆனால் வேலை முடிந்து கழுவித் துடைத்தபின் ஏதேனுமொரு மென்மையான களிம்பைப் பூசுவது, இழந்த பசையை ஓரளவு மீட்டுத் தரும்.

உடையில் ஈரச் சீமெந்து ஊறினால் வேலை முடியட்டும் என்றிராமல் உடனே உடையைக் களைந்து, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது அந்த இடத்தைக் கழுவவேண்டும். கண்ணிற் பட்டாலும் அவ்வாறே விடாமற் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வெந்த இடத்தில் எலுமிச்சம்புளி தேய்ப்பது, பற்பசை பூசுவது போன்ற கைப்பழக்கங்கள் வேண்டா.

கைப்படை கண்ட மேசனுக்கு வீடுகளிற் புறம்பாக ஒரு குவளையில் தேநீர் கொடுப்பதுண்டு. சீமெந்துப் படை தொற்றுநோயன்று. ஒரு கையிலிருந்து மறு கைக்கு அது தாவாது. அவருக்கு வேண்டியது சரும நோய்க் கிளினிக்கே. முதுகில் சிறு ஒட்டுகளை இரண்டு நாள் வைத்துப் பார்க்கும் பரிசோதனையால் குரோமிய ஒவ்வாமை உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். அங்கே செல்பவர், எந்தக் களிம்பு பூசினேன் என்பதற்கு முன்னதாக, எத்தனை ஆண்டுகளாகச் சீமெந்து வேலை செய்கிறேன், வேலையில்லாத நாட்களிற் கை ஆறுகிறதா என்பதைச் சொல்லல் வேண்டும்.