பைசாவுக்குப் பக்கத்துல புள்ளி எதுக்கு?

"0.03 பைசாதான் புரோக்கரேஜ் சார், ரொம்ப கம்மி." இந்த மாதிரி மெசேஜ் வந்தா ஒரு நிமிஷம் நின்னு படிங்க. மார்க்கெட் பேச்சு வழக்குல "3 பைசா புரோக்கரேஜ்"னா 100 ரூபாய்க்கு 3 பைசா, அதாவது 0.03%. ஒரு லட்சத்துக்கு டிரேட் பண்ணா 30 ரூபாய். அதையே "0.03 பைசா"ன்னு எழுதினா லட்சத்துக்கு வெறும் 30 பைசாதான் ஆகுது. நூறு மடங்கு வித்தியாசம்! கான்ட்ராக்ட் நோட்ல எது வரும்னு நான் சொல்லணுமா?

2006-ல அமெரிக்காவுலயும் இதே கூத்து நடந்தது. ஒரு மொபைல் கம்பெனி கிலோபைட்டுக்கு 0.002 சென்ட்னு சொல்லிட்டு, 0.002 டாலர் கணக்குல பில் போட்டுச்சு. 72 சென்ட் வரவேண்டிய பில், கிட்டத்தட்ட 72 டாலரா வந்தது. அந்த வாடிக்கையாளர் போன்ல எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். எதிர்ல பேசினவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாவே தெரிஞ்சுது.

என்னைக் கேட்டா, பைசான்னு எழுதினா முழு எண் மட்டும் போடணும். புள்ளி வேணும்னா ரூபாய்க்குப் போயிடணும். கால் பைசாவா? ₹0.0025. என்.எஸ்.இ.-ல டாலர்-ரூபாய் ஃபியூச்சர்ஸ் விலை இந்தக் கால் பைசா அளவுலதான் நகரும். ஒரு லாட் 1000 டாலர்ங்கிறதால, ஒரு நகர்வுக்கே ₹2.50 கூடும், இல்ல குறையும்.

"பைசாவை எல்லாம் யாரு சார் பார்க்கிறா?"ன்னு கேட்பீங்க. 25 பைசா நாணயமே 2011-ல செல்லாமப் போயிடுச்சு, வாஸ்தவம்தான். ஆனா உங்க 1000 ரூபாய் எஸ்ஐபி, ஸ்டேட்மென்ட்ல 999.95-ன்னு நிக்குதே, கவனிச்சீங்களா? 0.005% ஸ்டாம்ப் டியூட்டி, 5 பைசா.

இன்னொரு வில்லங்கமும் இருக்கு. நம்ம ஊர்ல "3 பைசா வட்டி"ன்னா 1 ரூபாய்க்கு மாசம் 3 பைசா. அது மாசத்துக்கு 3%, வருஷத்துக்கு 36%! புரோக்கர் சொல்ற அதே 3 பைசா, 100 ரூபாய்க்கு. அதனால யார் ரேட் சொன்னாலும் "லட்சத்துக்கு எத்தனை ரூபாய்?"னு கேட்டு, பதிலை எழுத்துல வாங்கிக்கோங்க.

எக்செல்ல கணக்கு வைக்கிறவங்க செல் ஃபார்மட்டை நாலு தசமத்துக்கு மாத்திடுங்க. ரெண்டுலயே விட்டா அந்தக் கால் பைசா 0.00-ன்னுதான் தெரியும்.