முதலில் கம்பி, பிறகு பஸ்!

நெய்வேலி சுரங்கத்தில் மண்ணை வாரும் ராட்சத சக்கர எந்திரங்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன. அந்த ஊரின் பஸ்களும் லாரிகளும் அப்படி ஓடினால் என்ன? ஓடலாம். ஆனால், வண்டி வாங்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும்.

சென்னையில் 2025 ஜூன் 30-ந் தேதி, வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. பஸ்சுக்கு 100 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் ஏற்றினால் 12 ஆயிரம் கிலோவாட் வேண்டும். 1962-ல் நெய்வேலியில் ஓடத் தொடங்கிய முதல் மின் எந்திரத்தின் சக்தியே 50 ஆயிரம் கிலோவாட்தான்! அதில் ஏறக்குறைய கால் பங்கை ஒரே பணிமனை விழுங்கிவிடும். மூன்று முறையாகப் பிரித்து ஏற்றினால் 4 ஆயிரம் போதும்.

"இன்று பத்து வண்டிதானே" என்று மெல்லிய கம்பி போட்டால், நாளை நூறு வண்டி வரும்போது தரையை மறுபடி தோண்ட வேண்டும். வேலையும் இரட்டை, செலவும் இரட்டை. ஆகவே பள்ளத்தையும் குழாயையும் இப்போதே நூறு வண்டிக்குப் போட்டுவிட வேண்டும். மின்சாரம் ஏற்றும் கருவிகளைப் பஸ் வர வர வாங்கலாம்.

இன்னொன்று: பழுப்பு நிலக்கரி மின்சாரத்தில் பஸ் ஓடினால் புகை ஒழியாது, இடம்தான் மாறும். நெய்வேலியில் சூரிய மின் நிலையமும் இருக்கிறது. காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டுச் சும்மா நிற்கும் பஸ், பகலில் அந்த மின்சாரத்தை ஏற்றிக்கொள்ளலாமே!