ஐந்து பேரும் ஒரு பங்குச் சந்தையும்

2019 டிசம்பரில் கோபன்ஹேகன் பங்குச் சந்தையில், வளரும் நிறுவனங்களுக்கான பிரிவில், ஒரு விசித்திரமான நிறுவனம் பட்டியலுக்கு வந்தது. தொழிற்சாலை கிடையாது. கிடங்கில் சரக்கு கிடையாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸைத் தட்டும் சில இளைஞர்கள்தான் அதன் பெரிய சொத்து! ஒரு பங்கின் விலை 8.95 குரோனர். திரட்டிய தொகை சுமார் 15 கோடி குரோனர். நிறுவனத்தின் பெயர் ஆஸ்ட்ராலிஸ்.

வேறு கேம்களிலும் அதற்கு அணிகள் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் பணம் போட்டவர்கள் கண் முன்னால் நின்றது கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடும் ஐந்து பேர் கொண்ட அணி ஒன்றுதான். அவர்கள் வாங்கியது உண்மையில் என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஒரு பக்கம் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். ஒரு அணி குண்டு வைக்க வேண்டும், மற்றது தடுக்க வேண்டும். அந்தக் காலத்து விதிப்படி முதலில் 16 சுற்றுகள் எடுப்பவருக்கு அந்த மேப். ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டத்துக்குள்ளேயே சம்பாதிக்கும் பணத்தில்தான் ஆயுதம் வாங்க வேண்டும். வரவு செலவு தெரியாதவன் இந்த ஆட்டத்தில் தேற மாட்டான். இதில் மிகப் பெரிய போட்டிகளுக்கு 'மேஜர்' என்று பெயர். 2016-லிருந்து சில ஆண்டுகள் மேஜர் ஒவ்வொன்றின் மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர்.

டென்மார்க்கின் மக்கள்தொகை அப்போது 60 லட்சத்துக்கும் குறைவாக இருந்தது. அங்கிருந்து கிளம்பிய ஒரு கூட்டம் கோபன்ஹேகன் வுல்வ்ஸ், டிக்னிடாஸ், டீம் சோலோமிட் என்று சட்டை மாற்றிக்கொண்டே இருந்தது. 2015 கடைசியில் சோலோமிட்டை விட்டு வெளியே வந்தபோது அவர்களுக்கு அணிப்பெயர்கூட இல்லை. வெறும் கேள்விக்குறியைப் பெயராக வைத்துக்கொண்டு ஆடினார்கள்! 2016 ஜனவரியில் ஆஸ்ட்ராலிஸ் பிறந்தது. டிவைஸ் (நிக்கோலாய் ரீட்ஸ்), டுப்ரி (பீட்டர் ராஸ்முசன்), ஸிபெக்ஸ் (ஆண்ட்ரியாஸ் ஹோய்ஸ்லெத்), கேரிகன் (ஃபின் ஆண்டர்சன்), கேஜன்பி (ரெனே போர்க்) ஆகிய ஐவர். பயிற்சியாளர் சோனிக் (டேனி சோரன்சன்). முக்கியமான விஷயம், தொடங்கியபோது அணியின் உரிமையில் ஆட்டக்காரர்களுக்கும் பங்கு இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திறமைக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய மேடை, அரையிறுதி, ஆயிரக்கணக்கான கண்கள் என்று வந்துவிட்டால் கை நடுங்கிவிடும். 'கடைசியில் சொதப்பும் அணி' என்று உலகமே கேலி செய்தது. 2016-ல் கேஜன்பி போய் மார்கஸ் க்யார்பை வந்தார். அக்டோபரில் கேப்டன் கேரிகனை உட்கார வைத்துவிட்டு கிளேவ் (லூகாஸ் ரொசாண்டர்) என்பவரைக் கொண்டுவந்தார்கள். கூடவே மியா ஸ்டெல்பெர்க் என்ற பின்லாந்து விளையாட்டு உளவியலாளரையும் சேர்த்துக்கொண்டார்கள். வீடியோ கேம் ஆட உளவியலாளரா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 2017 ஜனவரி, அட்லாண்டா மேஜர் இறுதிப் போட்டி. எதிரே போலந்தின் விர்டுஸ் ப்ரோ. கடைசி மேப்பில் 16-14. நடுங்கும் கை கோப்பையைத் தூக்கியது. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் 18 வயது க்யார்பை.

அதே க்யார்பை 2018 பிப்ரவரியில் திடீரென்று நார்த் என்ற இன்னொரு டேனிஷ் அணிக்குப் போய்விட்டார். அப்போது அது இடி. அந்த இடத்துக்கு மேஜிஸ்க் (எமில் ரைஃப்) வந்தார். அதன் பிறகு நடந்ததைத்தான் வரலாறு என்று சொல்ல வேண்டும். 2018 செப்டம்பர் லண்டன், 2019 மார்ச் கடோவிட்சா, 2019 செப்டம்பர் பெர்லின் என்று தொடர்ந்து மூன்று மேஜர்கள். மூன்று இறுதிப் போட்டிகளிலும் ஒரு மேப்கூட விட்டுக்கொடுக்காமல் 2-0. நடுவில் நான்கு பெரிய தொடர்களை வென்றால் கிடைக்கும் 10 லட்சம் டாலர் 'இன்டெல் கிராண்ட் ஸ்லாம்' பரிசையும், சொந்த நாட்டின் ஓடென்ஸ நகரிலேயே வைத்து எடுத்துக்கொண்டார்கள்.

எப்படி முடிந்தது? இவர்களைவிட வேகமாகச் சுடுகிறவர்கள் மற்ற அணிகளில் இருந்தார்கள். ஆனால் 4750 டாலர் துப்பாக்கி செய்யாத வேலையை 200 டாலர் ஒளிக்குண்டும் 300 டாலர் புகைக்குண்டும் செய்யும் என்பதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிக் காட்டியவர் கிளேவ். எந்த நொடியில் யார் எங்கே எதை வீச வேண்டும் என்று ஐவருக்கும் மனப்பாடம். ஒருவர் வீசும் புகையை நம்பி இன்னொருவர் திறந்த வெளியில் நடப்பார். தனியாக மாட்டிக்கொண்டாலும் சுற்றை மீட்டுவிடும் ஸிபெக்ஸுக்கு 'கிளட்ச் மினிஸ்டர்' என்றே பட்டப்பெயர். இந்த நம்பிக்கை, ஒரே அறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்து வந்தது. விலைக்கு வாங்க முடியாதது.

இங்கேதான் வணிகம் உள்ளே வருகிறது. அணி இதற்குள் ஆர்எஃப்ஆர்எஸ்ஹெச் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. அதே நிறுவனம் பிளாஸ்ட் என்ற போட்டித் தொடரையும் நடத்தியது! ஆடுபவரும் ஆட்டம் நடத்துபவரும் ஒரே முதலாளி. 2019-ல் ஆஸ்ட்ராலிஸ் சில பெரிய தொடர்களைத் தவிர்த்துவிட்டு பிளாஸ்டில் ஆடியபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த வருடமே இரண்டையும் பிரித்தார்கள். பிரிந்த அணிதான் டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது.

சரி, பங்கு வாங்கியவருக்குக் கிடைத்தது என்ன? கணக்குப் பதிவியல்படி பார்த்தால், ஒரு ஆட்டக்காரரை வேறு அணியிலிருந்து விலை கொடுத்து வாங்கினால் அந்தத் தொகை தொட்டுணர முடியாத சொத்தாக ஏட்டில் ஏறும். ஒப்பந்தக் காலம் முழுக்கத் தேய்ந்துகொண்டே வந்து கடைசி நாளில் பூஜ்யமாகிவிடும். ஆனால் கிளேவும் ஸிபெக்ஸும் ஒருவரையொருவர் நம்பிய அந்த நம்பிக்கை எந்த ஏட்டிலும் ஏறவே ஏறாது. ஏறாத சொத்து குறையும்போது, அந்த நஷ்டமும் ஏட்டில் தெரியாது. கோளாறே இதுதான்.

பட்டியலிட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2020 மே மாதம் கேப்டன் கிளேவ், மன அழுத்தமும் உடல் சோர்வும் தாங்காமல் மருத்துவ விடுப்பில் போனார். சில நாட்களில் ஸிபெக்ஸும் போனார். உலகின் நம்பர் ஒன்னாக இருந்த அணியின் ஐவரில் இருவர்! சுவர் இருந்தால்தானே சித்திரம்? சித்திரத்தைப் பங்கு போட்டு விற்றவர்கள் சுவரில் விரிசல் விழுந்ததைத் தாமதமாகத்தான் பார்த்தார்கள். ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். விடுப்பு கொடுத்தார்கள், கூடுதல் ஆட்டக்காரர்களைச் சேர்த்துச் சமாளித்தார்கள், இருவரும் திரும்பி வந்தபின் அந்த வருடக் கடைசியில் கோப்பையும் வந்தது. ஆனால் விரிசல் பூசப்பட்டதே தவிர மறையவில்லை.

2021 ஏப்ரலில் டிவைஸ் சுவீடனின் நிஞ்சாஸ் இன் பைஜாமாஸ் அணிக்குப் போனார். ஒப்பந்தம் முடிந்ததும் டுப்ரி, மேஜிஸ்க், பயிற்சியாளர் சோனிக் மூவரும் பிரான்ஸின் விட்டாலிட்டிக்குப் போய்விட்டார்கள். 2022 அக்டோபரில் டிவைஸ் வீடு திரும்பினார். அதற்குள் வீடே வேறாக இருந்தது. 2023 மே மாதம் பாரிஸ் மேஜரை வென்றது விட்டாலிட்டி. ஐந்து மேஜர்கள் வென்ற முதல் ஆட்டக்காரர் என்ற பெருமை டுப்ரிக்கு. ஐந்தாவதைத் தூக்கியபோது அவர் மார்பில் ஆஸ்ட்ராலிஸ் நட்சத்திரம் இல்லை! 2016-ல் உட்கார வைக்கப்பட்ட கேரிகனும் சும்மா இருக்கவில்லை. 2022-ல் ஆண்ட்வெர்ப் மேஜரை ஃபேஸ் அணியின் கேப்டனாக வென்றார். அதே 2023-ல் ஆஸ்ட்ராலிஸ் பங்குச் சந்தையை விட்டே வெளியேறியது. 8.95 குரோனர் கொடுத்தவர்களின் பணம் அதற்கு முன்பே பெருமளவு கரைந்திருந்தது.

'கால்பந்து கிளப்பிலும்தான் ஆட்டக்காரர்கள் போகிறார்கள், கிளப் நிற்கவில்லையா?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கால்பந்து கிளப்புக்கு ஒரு ஊர் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, தாத்தா காலத்திலிருந்து டிக்கெட் வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. யார் போனாலும் அவை போகாது. ஈ-ஸ்போர்ட்ஸ் அணிக்கு அப்படி எதுவும் இல்லை. ரசிகர்கள் ஆட்டக்காரரின் பின்னாலேயே போய்விடுவார்கள். ஆட்டமேகூட இன்னொரு நிறுவனத்தின் சொத்து. மிச்சம் இருப்பது பெயரும் சின்னமும்.

இன்னொன்றும் சொல்வார்கள். 'இருபது வயதில் லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிறார்கள், களைப்பு என்று ஏன் அழ வேண்டும்?' சம்பளம் பெரிதுதான். ஆனால் ஐந்து பேரை மட்டும் நம்பி நடக்கும் தொழிலில் அவர்களுடைய தூக்கத்தையும் பயண நாட்களையும் பார்த்துக்கொள்வது தர்ம காரியம் இல்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது போன்ற பராமரிப்புச் செலவு. அதை மிச்சம் பிடிப்பவர் லாபம் பார்ப்பதில்லை, முதலைத்தான் தின்கிறார்.

ஆரம்பத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு இப்போது வரலாம். பெயரே இல்லாமல் கேள்விக்குறியோடு ஆடியவர்கள், தங்களுக்கும் பங்குள்ள அணியாக ஒன்றைக் கட்டினார்கள். ஒரு வருடத்தில் உலகக் கோப்பைக்குச் சமமானதைத் தொட்டார்கள். அந்த அணியைச் சந்தைக்குக் கொண்டுபோனவர்கள் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் ஆர்வத்தில் ஒன்றை விட்டுவிட்டார்கள். போகலாமா, இருக்கலாமா என்று தீர்மானிக்கப்போகிற அந்த ஐந்து பேருக்கு, இருப்பதற்கான காரணம் சம்பளத்தைத் தாண்டி ஏதாவது இருக்கிறதா என்பதே அது. அடுத்த முறை ஏதாவது ஒரு அணி பங்கு வெளியிட்டால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒப்பந்தங்கள் எந்தத் தேதியில் முடிகின்றன என்று பாருங்கள். கூடவே, அந்த ஐந்து பேர் கடைசியாக எப்போது விடுமுறை எடுத்தார்கள் என்றும் விசாரியுங்கள்.