கற்பிட்டிக்கு வந்த தாய்

தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தேடித் தொகுத்து 'தமிழ் புளூட்டாக்' என்னும் ஆங்கில நூலை 1859 ஆம் ஆண்டில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, 1807 இல் கற்பிட்டியிலே பிறந்தவர். மாணவ நேயர்கள் அவர் பெயரைப் பாடநூல்களிலே கண்டிருப்பர். பாட்டெழுதியோருக்கு அத்தகைய வரலாற்றாசிரியர் ஒருவர் வாய்த்தார். ஏடு தொடாது, பிறர் பொருட்டு உழைத்து மறைந்த தாய்மாரின் வரலாற்றை எவர் எழுதுவார்? அத்தகையார் ஒருவரைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுகின்றோம். அவர் பெயரைக் கூறாது விடுகின்றோம். பத்திரிகையில் தம் பெயர் வருவதை அவர் விரும்பியிரார். நாம் அவரை 'உம்மா' என்றே அழைத்து வந்தோம்.

அவர் கற்பிட்டியிற் பிறந்தவரல்லர். மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்களுள் ஒன்றிலே பிறந்து, அங்கேயே மணம் முடித்து, மூன்று மக்களைப் பெற்றவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு பணித்தனர். யாழ்ப்பாணத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் 2 மணி நேரமே. மன்னார்த் தீவினருக்குச் சில நாட்கள் கிடைத்தன. ஆயின் பொருள்களைக் கொண்டு செல்லக் கிடைக்கவில்லை. ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000 க்கு மேற்பட்டோர் ஊரிழந்தனர். தீவினர் பலர் மீன்பிடி வள்ளங்களில் ஏறி, மழைக்காலத்துக் கடலைக் கடந்து கற்பிட்டிக் கரையை அடைந்தனர். உம்மாவும் அவ்வாறே வந்தார். கைக்குழந்தையைச் சேலைத் தலைப்பினால் மார்போடு கட்டிக்கொண்டதையும், இரவு முழுவதும் தமக்குத் தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதியதையும் கூறுவார். அதற்கு மேல் அக்கடற்பயணத்தைப் பற்றி அவர் பேசி நாம் கேட்டதில்லை.

கற்பிட்டியார் தம்மால் இயன்றதைச் செய்தனர். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து விட்டனர். சோறு சமைத்துக் கொடுத்தனர். எனினும் விருந்து எத்தனை நாளைக்கு? தென்னந்தோப்புகளிடையே கிடுகுக் குடில்கள் எழுந்தன. உலர் உணவு நிவாரணம் போதவில்லை. ஊரில் எவரிடத்தும் கூலிக்குச் சென்றறியாத பெண்கள், கற்பிட்டி மணற்றரையிலே கிணற்று நீர் பாய்ச்சிச் செய்யப்படும் வெங்காயத் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குச் சென்றனர். உம்மாவின் கணவர் வந்த சில ஆண்டுகளுள் நோயுற்று இறந்தார். அதன் பின்னர் அவருடைய கூலியே குடும்பத்தின் வருவாய்.

கூலி வேலையினின்றும் அவரை முதியோர் பணிக்கு இழுத்தது நம் பெரியதாயாரின் நோய். கற்பிட்டியில் வாழ்ந்த அவரைப் பாரிசவாதம் வீழ்த்தியது. வலப் பக்கம் முற்றாக இயங்கவில்லை. யாரோ சொல்லி உம்மா வந்தார். ஏழு ஆண்டுகள் வந்தார். விடியற்காலைத் தொழுகையை முடித்ததும் புறப்பட்டு வருவார். உடல் துடைத்து, உடை மாற்றி, வேளைக்கு வேளை பக்கம் புரட்டிப் படுக்கவைப்பார். அந்த ஏழு ஆண்டுகளில் பெரியதாயாரின் முதுகில் ஒரு படுக்கைப்புண்ணேனும் தோன்றியதில்லை. படுத்த படுக்கையாய் உள்ளோரைப் பராமரித்தவர்கள் இதன் அருமையை அறிவர். ஏனையோருக்கு இஃது ஒரு சிறு செய்தியாகவே தோன்றும்.

அவருடைய பக்தி மிகவும் கண்டிப்பானது. அந்திவேளையில், "விளக்கேத்துற நேரமாச்சு, மகள்" என்று வீட்டு மருமகளுக்கு நினைவூட்டுவார். தாம் விளக்கைத் தொடார். பின்னறையிலே பாய் விரித்துத் தொழுவார். கோயிற் பிரசாதத்தை நீட்டினால், "எனக்கு வேணாம் தங்கச்சி, மனசுல வைக்காதீங்க" என்பார். முதலில் இது நம் வீட்டாருக்குச் சற்று உறைத்தது என்பதை மறைப்பதற்கில்லை. நாளடைவில் பெரியதாயாரே, நோன்பு மாதத்தில் உம்மாவை மாலை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுமாறு குழறிய சொற்களால் நச்சரிக்கத் தொடங்கினார்.

பாடசாலை விடுமுறை ஒன்றிற் சென்றிருந்தபோது நாம் அவரிடம் கேட்டோம்: "உம்மா, எங்கள் இனத்தவர் அல்லவா உங்களைத் துரத்தினார்கள்? இந்த வீட்டிலே பணி செய்ய மனம் எவ்வாறு வந்தது?"

அவர் பெரியதாயாரின் தலையை வாரிக்கொண்டே சொன்னார்: "இந்த மனிசியா எங்களப் போகச் சொன்னது, மாஸ்டர்? இவவுக்குப் புரண்டு படுக்கவே ஏலாதே."

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நிகழ்ந்த பத்திரிகையாளர் சந்திப்பிலே அன்ரன் பாலசிங்கம் அவ்வெளியேற்றம் தவறென ஒப்புக்கொண்டார். அச்செய்தியை உம்மாவிடம் கூறியபோது, சரி என்று தலையசைத்துவிட்டு, மருந்து வாங்கி வந்தீர்களா என்று கேட்டார். மன்னித்தாரா, மன்னிக்கவில்லையா என்பதை இன்றும் நாம் அறியோம். மன்னித்தார் என்று எழுதிவிடுவது நமக்கு இதமாக இருக்கும். அவருக்கு அது நீதியாகாது.

அந்நிய மண்ணிலே பிறர் வீட்டு முதியோரைப் பேணித் தம் மக்களை ஆளாக்கும் தாய்மார் உலகெங்கும் உளர். ஹெயிட்டித் தீவினின்றும் சென்ற பெண்கள் நியூயோர்க்கிலும் மயாமியிலும் இப்பணியையே செய்கின்றனர். நம் புத்தளத்துப் பெண்கள் அரபு நாடுகளில் செய்கின்றனர். அவர்களுக்குக் கடவுச்சீட்டு உண்டு. உம்மா தம் சொந்த நாட்டுக்குள்ளேயே அந்நியரானார். இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவர் குடியிருந்த இடத்துக்கு 'அகதி முகாம்' என்றே பெயர் வழங்கிற்று. அங்கே பிறந்த பிள்ளைகளும் பாடசாலையில் அப்பெயரைச் சுமந்தனர். அச்சொல்லை மட்டும் அவர் பொறுத்துக்கொண்டதில்லை.

2009 இல் போர் முடிந்த பின்னர் ஊரைப் பார்க்கச் சென்றார். ஓடுகளும் கதவு நிலைகளும் போயிருந்தன. முற்றத்திலே பற்றை மூடிக் கிடந்தது. கிணறு மட்டும் இருந்தது. வாளியொன்றை இரவல் வாங்கி நீர் இறைத்துக் குடித்துவிட்டு, ஒரு போத்தலில் நிரப்பிக் கொண்டு வந்தார். திரும்பிச் சென்று குடியேற அவருக்கு விருப்பம். கற்பிட்டியிலே படித்து, மணந்து, தொழில் கண்ட மக்களுக்கு அவ்விருப்பம் இல்லை. இதனால் அவ்வீட்டில் நெடுநாள் மனவருத்தம் நிலவியது. ஈற்றில் தாயே விட்டுக்கொடுத்தார். காணி உறுதியை மட்டும் மக்களிடம் கொடாமல் தம் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார்.

பெரியதாயார் இறந்தபோது உம்மா அழவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து, படுக்கை விரிப்புகளையெல்லாம் கழுவி உலர்த்தி மடித்து வைத்தார். கூலி கொடுத்தோம், பெற்றுக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு அவரும் காலமானார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலே அவருடைய மரண அறிவித்தல் கேட்டது. பிறந்த ஊரின் பெயரை முதலிலும் கற்பிட்டியின் பெயரை அடுத்தும் கூறினார்கள். அவ்வாறு கூறவேண்டும் என்று அவரே சொல்லி வைத்திருந்தாராம்.