தேவாலயம் புனிதத் தலமாமோ?

கிறிஸ்தவர் வழிபாட்டிற்கென எழுப்பிய கட்டடத்தைப் புனிதத் தலமாகக் கொள்ளுதல் தகுமா, தகாதா என்னும் வினா நம் மாணவரிடையே அடிக்கடி எழுவதொன்று.

தகாது என்பார் கூறும் நியாயம் வலியுடையது. வானமும் கொள்ளாத இறைவனைத் தாம் கட்டிய ஆலயம் கொள்ளுமோ என்று சாலொமோன் அரசரே அதன் பிரதிஷ்டை நாளில் வியந்தார். சமாரியப் பெண்ணோடு உரையாடிய நம் ஆண்டவர், தொழுகைக்கு இன்ன மலை, இன்ன நகர் என்னும் வரையறை வேண்டுவதின்றென உணர்த்தினார். ஆதித் திருச்சபையாரும் பெரும்பாலும் வீடுகளிலேயே கூடித் தொழுதனர். ஆதலின் செங்கல்லையும் சுண்ணத்தையும் புனிதமென்று போற்றுவது பேதைமை என்பது அவர் கருத்து.

நிற்க. பரிசுத்தம் என்னும் சொற்கு வேதாகமத்தில் வழங்கும் முதன்மைப் பொருள், இறைவனுக்கெனப் பிரித்து வைக்கப்பட்டது என்பதாம். எங்கள் மங்கலம்பேட்டைக்கு அண்மையதாகிய விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் நடைபெறுவதை அன்பர் பலர் அறிவர். சூளையினின்று எடுக்குங்கால் கிண்ணங்களெல்லாம் ஒரு தன்மையனவே. ஆயினும் திருவிருந்துக்கென வைத்த கிண்ணத்தில் எவரும் மோர் வார்த்துப் பருகார். மண் மாறிற்றில்லை, அதனை நாம் ஒப்புவித்த பயனே மாறிற்று. கட்டடத்திற்கும் இஃது ஒக்கும். சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் 1718-ஆம் ஆண்டு கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்துள் நுழைவார், 1719-இல் மறைந்த அப்பெரியார் அங்கேயே அடக்கமாகியிருத்தலையும், முந்நூறு ஆண்டுகளாக அங்கு எழுந்த மன்றாட்டுகளையும் நினைந்து தலை தாழ்த்துவது இயல்பே. அதனை மூடநம்பிக்கை என்று எள்ளல் ஆகாது.

ஆயின் அப்புனிதம் எதனால் நிலைபெறும்? இதற்கு விடை தருவது திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளம். 1745-ஆம் ஆண்டில் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. சாதி வேற்றுமை பாராது எல்லோருடனும் கலந்து பழகிய அவர் 2022-ஆம் ஆண்டில் புனிதராக உயர்த்தப்பெற்றார். அவ்வூரிலேயே 1872-ஆம் ஆண்டில் எழுந்த திருக்குடும்ப ஆலயமோ, ஒரு பீடமும் இரு கூடங்களும் உடையதாய், உயர்சாதியார் ஒருபாலும் ஏனையோர் ஒருபாலும் இருந்து தொழுமாறு அமைக்கப்பெற்றது! 1910-ஆம் ஆண்டில் குருமார் இடைச்சுவரை இடித்தனர். உரிமை பறிபோயிற்றென வழக்காடியவர் வேண்டுகோளை நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஈண்டு ஒன்று கேட்பேன். மந்திரித்த நீராலும் பூசிய எண்ணெயாலும் மட்டுமே கட்டடம் புனிதமாகுமாயின், அச்சுவரும் புனிதமேயன்றோ? அதனை இடித்தவர் பாவிகளேயன்றோ? அங்ஙனம் கூறத் துணிவார் இன்று எவருமிலர். ஆகவே, எல்லோரும் ஒருங்கே இறைவனை அணுகுதற்கு உதவுமளவே கட்டடம் புனிதமாம் என்பது பெறப்படும்.

அங்ஙனமாயின் பாவிகள் கூடும் எவ்வாலயமும் புனிதமாகாதே எனின், அற்றன்று. பாவிகளுக்காகவே ஆலயம் உளது. அவர் வருகையால் அது மாசுறாது. வருவாரைத் தடுக்கும் கருவியாக அக்கட்டடத்தையே ஆக்குங்கால்தான் அது மாசுறும். புறவினத்தார் நின்று தொழுதற்குரிய வெளி முற்றத்தில் நிறைந்திருந்த வணிகரை ஆண்டவர் துரத்தினார். அதனைத் தம் பிதாவின் வீடென மதித்தமையாலன்றோ அவர் சினந்தார்? ஆலயத்தைப் பொருட்படுத்தாதவர்க்கு அச்சினம் எழுதற்கே இடமில்லை.

ஆதலின் தேவாலயத்தைப் புனிதத் தலமென்றே யான் கொள்வேன். ஆனால் அங்ஙனம் கொள்வார்க்குக் கடமையொன்றுண்டு. வடக்கன்குளத்துச் சுவர் வீழ்ந்து நூறாண்டு கடந்தும், இறந்தோர் துயிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பிரித்து இடம் ஒதுக்கும் ஊர்கள் நம் நாட்டில் இன்னும் உள. வாயிலில் மிதியடி கழற்றுகின்றோம். உள்ளே குரல் தாழ்த்துகின்றோம். அவை நன்றே. பக்கத்தில் வந்து அமர்பவன் எத்தெருவினன் என்று ஆராயும் மனத்தையும் வாயிலிலேயே விட்டுச் செல்வோமாயின், நாம் தொழும் கட்டடத்தைப் புனிதமென்று சொல்ல நமக்கு வாயுண்டாகும்.